தலைக்கனத்தோடு தண்ணீரில் இறங்காதீர்கள்: ஸ்கூபா டைவர்களுக்கான வழிகாட்டி

படகில் விளக்கம் முடிந்ததும் குழுத் தலைவர் கேட்பார்: “எல்லாருக்கும் ஓகேவா?” சுற்றியிருக்கும் கைகள் எல்லாம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்டும். அந்த வட்டங்களில் ஒன்றிரண்டு பொய்யாக இருக்கலாம். ஒருவருக்கு நேற்றிலிருந்து மூக்கடைப்பு. இன்னொருவர் கடைசியாக டைவ் செய்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மூன்றாமவருக்கு நீரோட்டத்தைப் பற்றிச் சொன்னது புரியவே இல்லை. கேட்டால் கத்துக்குட்டி என்று நினைத்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். ஸ்கூபாவில் பல ஆபத்துகள் உடம்பு நனைவதற்கு முன்பே, இப்படி ஒரு பொய் வட்டத்தில் தொடங்கிவிடுகின்றன.

அந்தப் பொய்யைச் சொல்லத் தேவையில்லாதபடி டைவை எப்படி அமைப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பணிவை ஒரு நல்ல குணமாக மட்டும் பார்த்தால் அது தண்ணீருக்குள் உதவாது. முன்கூட்டியே போட்ட கணக்காகவும், எழுதிவைத்த எல்லையாகவும், துணையோடு பேசிவைத்த சைகையாகவும் அது மாற வேண்டும்.

முதலில், எது எது என்று பிரித்துப் பாருங்கள்

செருக்கும் வீறாப்பும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் இருக்கும். உள்ளே நேரெதிர். செருக்குள்ளவர் தனக்கு ஆபத்து வராது என்று உண்மையிலேயே நம்புகிறார். விதி மற்றவர்களுக்குத்தான் என்பது அவர் எண்ணம். வீறாப்பு காட்டுபவருக்குப் பயம் இருக்கிறது. அதை மறைக்கத்தான் உரத்த பேச்சு. இருவருக்கும் ஒரே மருந்து கிடையாது. செருக்குள்ளவருக்கு எண்கள் வேண்டும், காகிதத்தில் போட்ட கணக்கு வேண்டும். பயந்தவருக்கு மானம் போகாமல் பின்வாங்க ஒரு வழி வேண்டும். பயந்தவரிடம் போய் விபத்துக் கதைகளை அடுக்கினால் அவர் இன்னும் இறுகிப்போவார். செருக்குள்ளவரைத் தட்டிக்கொடுத்தால் அவர் இன்னும் 10 மீட்டர் கீழே போவார்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அது மெல்ல ஊறும் மெத்தனம். நல்ல டைவர்களையும் பிடிப்பது இதுதான். சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்தத்தின் அளவு) மீதியோடு மேலே வர வேண்டும் என்று ஆரம்பித்தவர் ஒருநாள் 40-இல் வருகிறார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதம் 30. அதுவும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது அவருக்கு 30 தான் இயல்பு. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்ததை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வான், மீறல்களே மெல்ல மெல்ல இயல்பாகிப்போவதை விரிவாக விளக்கினார். ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் அரிபடுவது முந்தைய ஏவுதல்களிலேயே தெரிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் பத்திரமாகத் திரும்பியதால் அது ஏற்கத்தக்கதாகிவிட்டது. டைவிங்கில் இதற்கு மாற்று, ஒவ்வொரு டைவையும் குறித்துவைக்கும் லாக் புத்தகத்தில் தனியாக ஒரு வரி: “இன்று நான் மீறியது என்ன, ஏன்?” ஒரே மீறல் மூன்று முறை வந்துவிட்டால், அடுத்த டைவுக்கு முன் உட்கார்ந்து யோசியுங்கள். காரணத்தோடு விதியை வெளிப்படையாக மாற்றுங்கள், இல்லையென்றால் பழைய விதிக்கே திரும்புங்கள்.

உங்களுக்குள்ளேயே இதைக் கண்டுபிடிக்க, உங்கள் வாயிலிருந்து வரும் வாக்கியங்களைக் கவனியுங்கள். “செக் எல்லாம் புதுசா வந்தவங்களுக்கு.” “இந்த இடத்தை நான் கண்ணை மூடிட்டுச் சுத்துவேன்.” “கம்ப்யூட்டர் சும்மா கத்தும்.” “எனக்குக் காத்து குறையவே குறையாது.” செயல்களும் காட்டிக்கொடுக்கும்: திட்டமிட்ட ஆழத்தைத் தாண்டி இரண்டு மீட்டர் இறங்கி, ஆழத்தையும் நேரத்தையும் அளக்கும் டைவ் கம்ப்யூட்டரில் பெரிய எண்ணைப் பதியவைத்துவிட்டு ஏறுவது, தலைவருக்கு முன்னால் நீந்துவது, மேலே வந்ததும் யாருடைய சிலிண்டரில் அதிகம் மிச்சம் என்று ஒப்பிடுவது.

டைவ் எண்ணிக்கை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

“நான் 400 டைவ் செய்தவன்” என்பதால் மட்டும் எதுவும் தெரிந்துவிடாது. வெதுவெதுப்பான தெளிந்த நீரில், 15 மீட்டரில், வழிகாட்டியின் பின்னால் போன 400 டைவ்களும், குளிர்ந்த கலங்கல் நீரில், உடம்பு நனையாமல் காக்கும் டிரைசூட் போட்டுச் செய்யும் முதல் டைவுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. அதனால் எண்ணிக்கையைக் கேட்பதற்குப் பதில் நான்கு விஷயங்களைக் கேளுங்கள், உங்களிடமும் துணையிடமும்: கடைசி டைவ் எப்போது? இந்த ஆழத்துக்குக் கடைசியாகப் போனது எப்போது? மாஸ்க்கைக் கழற்றி மாட்டுவதையும் காற்றைப் பகிர்வதையும் கடைசியாகப் பயிற்சி செய்தது எப்போது? இன்றைக்குப் புதிதாக என்ன இருக்கிறது?

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரு டைவில் ஒரே ஒரு புதுமைக்கு மட்டும் இடம் கொடுங்கள். புது ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) என்றால் பழகிய இடம், பழகிய ஆழம், பழகிய துணை. புது இடம் என்றால் பழைய உபகரணம். கேமராவும் ஒரு புதுமைதான். அது கவனத்தில் பாதியைத் தின்றுவிடும். ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி என்றால் முதல் டைவை 12 மீட்டருக்குள் வையுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் பயிற்றுநரோடு அடிப்படைகளை ஒருமுறை செய்துவிட்டுப் போங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கையும் காலும் மறந்துபோவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

பயிற்சி அமைப்புகள் பொதுவாக வைக்கும் ஆழ எல்லைகள் தொடக்க நிலைக்கு 18 மீட்டர், அடுத்த நிலைக்கு 30, ஆழத்துக்கெனத் தனிப் பயிற்சி பெற்றவருக்கு 40. சான்றிதழ் அனுமதிக்கும் ஆழம் வேறு, இன்றைய உடம்பும் மனசும் அனுமதிக்கும் ஆழம் வேறு. இரண்டில் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றுக் கணக்கு

செருக்கை உடைக்க இதைவிட நல்ல கருவி இல்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவர் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர்கள் 1992 முதல் 2003 வரையிலான 947 டைவிங் மரணங்களை அலசினார்கள். தொடக்கக் காரணத்தைக் கண்டறிய முடிந்தவற்றில் 41 சதவீதம் காற்றுப் பற்றாக்குறை. சிலிண்டரின் அழுத்தமீட்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடும் ஒன்று, இத்தனை உயிர்களை எடுத்திருக்கிறது.

முதலில் உங்கள் மூச்சுச் செலவை அளந்துகொள்ளுங்கள். 10 மீட்டர் ஆழத்தில் 10 நிமிடம் சமமான ஆழத்தில், சாதாரண வேகத்தில் நீந்துங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 30 பார் குறைந்தால், செலவு 360 லிட்டர், நிமிடத்துக்கு 36. பத்து மீட்டரில் சுற்றுப்புற அழுத்தம் 2 பார் என்பதால் இரண்டால் வகுக்க வேண்டும். மேற்பரப்புக் கணக்கில் உங்கள் செலவு நிமிடத்துக்கு 18 லிட்டர். 30 மீட்டரில் அழுத்தம் 4 பார். அங்கே அதே மூச்சுக்கு 72 லிட்டர்.

இனி முக்கியமான கேள்வி. 30 மீட்டரில், டைவின் மோசமான நொடியில், துணைக்குக் காற்று முற்றிலும் தீர்ந்துவிடுகிறது. இருவரும் உங்கள் ஒரே சிலிண்டரிலிருந்து மூச்சு விட்டபடி மேலே வர எவ்வளவு வேண்டும்? பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று வையுங்கள், இருவருக்கும் 60.

அடியில் நிலைமையைச் சமாளிக்க 1 நிமிடம்: 60 பெருக்கல் 4, அதாவது 240 லிட்டர். 30-லிருந்து 5 மீட்டருக்கு நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற ஏறக்குறைய 3 நிமிடம். சராசரி அழுத்தம் 2.75 பார், ஆக 495 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம், 1.5 பாரில்: 270 லிட்டர். அங்கிருந்து மேலே ஒரு நிமிடம்: 75 லிட்டர். கூட்டினால் 1,080. 12 லிட்டர் சிலிண்டரில் அது 90 பார்.

மீட்டரில் துல்லியக் குறைவு இருக்கும் என்பதால் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டரில் மீட்டர் 100-ஐத் தொட்டதும் ஏறத் தொடங்க வேண்டும். பரவலாகச் சொல்லப்படும் “50 பாரோடு வா” என்ற பேச்சைப் பிடித்துக்கொண்டு அடியிலேயே 50 வரை இருந்தால், கையில் இருப்பது 600 லிட்டர். இருவருக்குத் தேவையானதில் 480 லிட்டர் துண்டு விழும். அந்த 50, மேற்பரப்பில் இருக்க வேண்டிய மீதி. அதை அடியில் கிளம்பும் எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 18 மீட்டருக்கு இதே கணக்கைப் போட்டால் ஏறக்குறைய 60 பார் வரும், போட்டுப் பாருங்கள்.

இப்போது 200 பாரில் தொடங்கினால் 30 மீட்டரில் செலவழிக்கக் கிடைப்பது 100 பார், 1,200 லிட்டர். 72-ஆல் வகுத்தால் 16 நிமிடத்துக்கும் சற்று அதிகம், அதிலும் இறங்கும் நேரம் சேர்த்தி. “அரை மணி நேரம் கீழே இருப்பேன்” என்று படகில் பேசியவர் இந்தக் கணக்கைத் தன் கையால் போட்டுப் பார்த்தால், அவரோடு விவாதம் செய்யத் தேவையே இருக்காது.

மேலே கூரை உள்ள இடங்களில், குகையோ கப்பலின் உட்புறமோ, விதி இன்னும் கடுமை: மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்பி வர, ஒரு பங்கைத் தொடவே கூடாது. 1970-களில் குகை மரணங்களை ஒவ்வொன்றாக அலசிய அமெரிக்க டைவர் ஷெக் எக்ஸ்லி, இறந்தவர்களிடம் திரும்பத் திரும்ப மூன்று குறைகளைக் கண்டார்: வெளிவாசல் வரை தொடர்ச்சியான வழிகாட்டிக் கயிறு இல்லை, காற்றில் மூன்றில் இரண்டு பங்கை வெளியேற ஒதுக்கவில்லை, அளவுக்கு மீறிய ஆழம். பயிற்சி இல்லாமல் உள்ளே போகாதீர்கள் என்பதும் பின்னர் இதோடு சேர்ந்தது. ஃப்ளோரிடாவின் குகை வாசல்களில் எலும்புக்கூட்டு உருவத்தோடு நிற்கும் எச்சரிக்கைப் பலகை, திறந்த நீர்ப் பயிற்றுநர்களும் இப்படிப்பட்ட குகைகளில் இறந்திருக்கிறார்கள் என்றே சொல்கிறது. பயிற்றுநர் என்ற பட்டம் கூரைக்குக் கீழே ஒரு காப்பும் தராது என்பதை அந்தப் பலகைக்கு முன்னால் நிற்பவர் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மீட்டரைப் பற்றி இன்னொன்று. காற்று சீக்கிரம் குறைவது அவமானம் என்ற நினைப்பை உடனே விட்டுவிடுங்கள். பெரிய உடம்புக்கு அதிகக் காற்று வேண்டும், அவ்வளவுதான். குறைவாகச் செலவழிப்பதைப் பெருமையாக நினைப்பவர்கள் மூச்சை இடையிடையே பிடித்துவைக்கிறார்கள். அதனால் கார்பன் டை ஆக்ஸைடு தேங்கும். டைவுக்குப் பின் தலைவலி, ஆழத்தில் மயக்கம் அதிகரிப்பு, திடீர் மூச்சிரைப்பு எல்லாம் வரும். மெதுவாக, ஆழமாக, நிறுத்தாமல் மூச்சுவிடுங்கள். 150, 120, 100 பாரில் இருவரும் மீட்டரை ஒருவருக்கொருவர் திருப்பிக் காட்டுவது என்று மேலேயே பேசிவையுங்கள். யாருடைய எண் குறைவோ, டைவ் அவருடைய எண்ணின்படி நடக்கும். குறைவாக இருப்பவர் மன்னிப்புக் கேட்கும் சைகை எதுவும் செய்ய வேண்டாம்.

ஆழமே ஊட்டும் துணிச்சல்

30 மீட்டரை நெருங்கும்போது நைட்ரஜன் மயக்கம் (ஆழத்தில் நைட்ரஜன் ஊட்டும் போதை போன்ற நிலை) பலருக்குத் தெரியத் தொடங்கும். இதன் கொடுமை, அது முதலில் குலைப்பதே சுய மதிப்பீட்டைத்தான். தான் தெளிவாக இருப்பதாகத் தோன்றும், எல்லாம் எளிதாகத் தெரியும், மீட்டரின் எண் கண்ணில் படும், பொருள் மண்டையில் ஏறாது. மேலே இருக்கும்போது பணிவானவரும் கீழே செருக்கானவராகிவிட முடியும்.

ஆகவே ஒரு விதி: கீழே இருக்கும்போது திட்டத்தை மாற்றலாம், ஆனால் ஆழம் குறையும் பக்கமாகவும் நேரம் குறையும் பக்கமாகவும் மட்டும். இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்ச நேரம் என்ற எந்த யோசனையும், எவ்வளவு நல்லதாகத் தோன்றினாலும், அந்த டைவில் கிடையாது. துணை மூன்று விரல் காட்டினால் நீங்கள் நான்கு காட்டுவது போன்ற சிறு சோதனையை வைத்துக்கொள்ளலாம். தவறினால் உடனே சில மீட்டர் ஏறுங்கள், மயக்கம் சட்டென்று தெளியும். ஆனால் சோதனையில் தேறியதைத் தெளிவுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எகிப்தில் தஹாப் அருகே இருக்கும் புளூ ஹோல் இதற்குப் பெயர்போன இடம். 50 மீட்டருக்கும் கீழே ஒரு வளைவு, வெளிக்கடலுக்குத் திறக்கும் பாதை. தண்ணீர் மிகத் தெளிவு என்பதால் அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். ஒற்றைச் சிலிண்டரில் சாதாரணக் காற்றோடு அதைக் கடந்துவிடலாம் என்று இறங்கிய பலர் திரும்பவில்லை. கரையில் பாறையில் நினைவுக் கற்கள் பதித்திருக்கிறார்கள். 56 மீட்டரில் அழுத்தம் 6.6 பார். நிமிடத்துக்கு 18 லிட்டர் மூச்சுவிடுபவருக்கு அங்கே 119 லிட்டர் வேண்டும். முழு 12 லிட்டர் சிலிண்டரும் 20 நிமிடத்தில் காலி, அதுவும் பதற்றமில்லாமல், பகிராமல், மேலே ஏறுவதைக் கணக்கில் எடுக்காமல். ஆக்ஸிஜனின் பகுதி அழுத்தமும் (மொத்த அழுத்தத்தில் ஆக்ஸிஜனின் பங்கு) 1.4 பார் என்ற வழக்கமான பாதுகாப்பு எல்லையில் வந்து நிற்கும்.

இறங்கும் முன்: படித்துச் செய்யுங்கள்

சரிபார்ப்பை மனசுக்குள் செய்வது செய்யாததற்குச் சமம். அட்டையில் எழுதி, வாய்விட்டுப் படித்து, துணை தொட்டுப் பார்க்கட்டும்: பி.சி.டி. (காற்று ஊதி மிதக்க உதவும் சட்டை) ஊதுகிறதா, காற்று இறங்குகிறதா, ஈயம் (மூழ்குவதற்குக் கட்டும் எடை) எங்கே, எந்தக் கையால் கழற்றுவது, பக்கிள்கள், காற்று, கடைசியாகத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை. காற்றைச் சரிபார்க்கும்போது அழுத்தமீட்டரைப் பார்த்துக்கொண்டே நான்கு முழு மூச்சு இழுங்கள். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் கீழே ஆடித் திரும்பினால், வால்வு கொஞ்சம்தான் திறந்திருக்கிறது. மேற்பரப்பில் அது மூச்சுக்குப் போதும். 20 மீட்டரில் போதாது. அனுபவசாலிகளுக்கும் இது நேரும், ஏனென்றால் அவர்கள் வால்வை யாரோ திறந்துவிட்டார்கள் என்று நம்பிக் குதிக்கிறார்கள்.

ஈயத்திலும் வீறாப்பு உண்டு. “எனக்கு 2 கிலோ போதும்” என்பவர், டைவின் கடைசியில் 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே மிதந்துவிடுவார். 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் காலியாகக் காலியாக 2 கிலோவுக்கு மேல் லேசாகும். 50 பார் மிச்சம் இருக்கும்போது, பி.சி.டி.யைக் காலி செய்துவிட்டு 5 மீட்டரில் சாதாரண மூச்சோடு அசையாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். அதுதான் சரியான எடை. மேற்பரப்பில் சிக்கலில் மாட்டினால் முதலில் பி.சி.டி.யில் காற்று, அடுத்து ஈயத்தைக் கழற்றி எறியுங்கள். ஈயப் பட்டையோடே கிடைத்த உடல்கள் ஏராளம்.

“வேண்டாம்” சொல்வதும் அதை வாங்கிக்கொள்வதும்

யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும், காரணமே சொல்லாமலும் டைவை முடிக்கலாம். குகை டைவர்களிடையே இது கேள்விக்கு இடமில்லாத விதி. எல்லா டைவுக்கும் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் விதியை அறிவித்தால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்துவது சுலபமாக இருக்க வேண்டும்.

தலைவராக இருப்பவர் “ஓகேவா?” என்று கேட்பதை நிறுத்துவதுதான் முதல் வேலை. அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் கூச்சமில்லாமல் வரும். பதிலாக இப்படிக் கேளுங்கள்: “இன்னிக்கு இந்த டைவ்ல உங்களுக்கு எது சிரமமா இருக்கும்?” முதலில் உங்கள் பதிலைச் சொல்லுங்கள்: “எனக்கு இடது காது மெதுவாத்தான் சரியாகும், இறங்கும்போது கொஞ்சம் நின்னு வருவேன்.” தலைவர் தன் குறையைச் சொன்னபின் மற்றவர்கள் வாய்திறப்பது எவ்வளவோ சுலபம். அடுத்துப் பேசும் முறையைக் குழுவில் அனுபவம் குறைந்தவருக்குக் கொடுங்கள். மூத்தவர் முதலில் “சூப்பரா இருக்கும்” என்று சொல்லிவிட்டால், புதியவர் “பயமா இருக்கு” என்று சொல்ல மாட்டார்.

ரத்து செய்யும் எல்லைகளை முதல் நாள் இரவே, படகோ கடலோ கண்ணில் படாத நேரத்தில் எழுதுங்கள். செலவழித்த பணமும் நீண்ட பயணமும் காலையில் தீர்ப்பை வளைக்கும். எடுத்துக்காட்டாக:

- நீர்த் தெளிவு 3 மீட்டருக்குக் கீழே என்றால் இறங்குவதில்லை.
- மேற்பரப்பில் நங்கூரக் கயிறு வரை எதிர்நீரோட்டத்தில் மூச்சு வாங்காமல் நீந்த முடியவில்லை என்றால் இறங்குவதில்லை.
- காது அடைத்தால் ஒரு மீட்டர் ஏறி மறுபடி முயல்வேன். மூன்றாவது முறையும் திறக்கவில்லை என்றால் டைவ் முடிந்தது. மூக்கைப் பிடித்துப் பலமாக ஊத மாட்டேன்.
- சளி மருந்து சாப்பிட்டுத்தான் காது திறக்கிறது என்றால் இன்று டைவ் இல்லை. கீழே மருந்தின் வீரியம் இறங்கினால் ஏறும்போது காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும்.

நீருக்கடியில் மேலே காட்டும் கட்டைவிரல் ‘நன்று’ என்பதில்லை, ‘ஏறுவோம்’. அதற்கு ஒரே பதில், அதே கட்டைவிரல். ஏன் என்று கையை விரிக்காதீர்கள், மீட்டரைக் காட்டி “இன்னும் இருக்கே” என்று வாதாடாதீர்கள். மேலே வந்ததும் “என்ன ஆச்சு?” என்பதும் முதல் வார்த்தையாக வர வேண்டாம். “சரியான நேரத்துல சொன்னீங்க” என்று சொல்லிவிட்டு உபகரணத்தைக் கழற்ற உதவுங்கள். அவர் பேசத் தயாரானதும் பேசுவார். ஒரே ஒருமுறை முகம் சுளித்துவிட்டால், அந்தக் குழுவில் அடுத்த கட்டைவிரல் எழுவது கஷ்டம்.

செருக்குள்ள துணையை என்ன செய்வது

படகில் எல்லார் முன்னாலும் திருத்தாதீர்கள். அவர் தற்காப்பில் இறங்கிவிடுவார், அதைத் தண்ணீரிலும் காட்டுவார். தனியாக அழைத்து எண்களைக் கேளுங்கள்: “30 மீட்டர்ல எந்தப் பார்ல கிளம்புறோம்? நமக்கு ரெண்டு பேருக்கும் போதுமா, ஒரு தடவை சேர்ந்து போட்டுப் பாக்கலாமா?” மழுப்பினால், “இந்த டைவை நான் உங்களோட செய்யலை” என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு விளக்கம் தேவையில்லை.

கீழே அவர் திட்ட ஆழத்தைத் தாண்டி இறங்கினால், விளக்காலோ சிலிண்டரைத் தட்டியோ அழையுங்கள். நீங்கள் திட்ட ஆழத்திலேயே நில்லுங்கள். பின்னால் துரத்திக்கொண்டு போகாதீர்கள். மனசு கேட்காது, இருந்தாலும் போகாதீர்கள். இரண்டு பேரும் காற்றில்லாமல் கீழே இருந்தால் உதவி தேட மேலே யாரும் இருக்க மாட்டார்கள். கண்ணில் படவில்லை என்றால் ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள், பிறகு சரியான வேகத்தில் மேலே வந்து படகுக்குச் சொல்லுங்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு, அது பணிவு போல வேஷம் போட்டு வரும். “எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க பாத்துப்பீங்க” என்று எல்லாவற்றையும் வழிகாட்டியிடம் ஒப்படைத்துவிடுவது. தன் மீட்டரைத் தானே பார்க்காமல், திரும்பும் வழியைக் கவனிக்காமல், அவர் போகும் இடமெல்லாம் போவது. உண்மையில் பணிவானவர் தன் காற்றைத் தானே கணக்குப் போடுகிறார், திசைகாட்டியைத் தானே பார்க்கிறார், வழிகாட்டி தவறினால் மரியாதையோடு மீட்டரைக் காட்டி நிறுத்துகிறார்.

உடம்பிடம் பொய் சொல்லாதீர்கள்

மருத்துவக் கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று குறிப்பது வீறாப்பின் மிக அமைதியான வடிவம். மேலே சொன்ன ஆய்விலேயே, உயிரைப் பறித்த பாதிப்பைக் கண்டறிய முடிந்த மரணங்களில் 26 சதவீதம் இதயம் சார்ந்தவை. ரத்த அழுத்தம், ஆஸ்துமா, முந்தைய நெஞ்சுவலி, சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள், டைவிங் தெரிந்த மருத்துவரிடம் கேளுங்கள். ‘வேண்டாம்’ என்று ஒரு மருத்துவர் சொல்வது அந்தப் படிவத்தின் நோக்கங்களில் ஒன்று.

கீழே ஓய்வாக இருந்தும் மூச்சிரைப்பு அடங்கவில்லை, இருமல் வருகிறது, மேலே வந்ததும் நுரையோடு சளி வருகிறது என்றால், உடல்தகுதிக் குறைவு என்று தேற்றிக்கொள்ளாதீர்கள். நீரில் மூழ்கியிருக்கும்போது நுரையீரலில் நீர் கோக்கும் நிலையாக இருக்கலாம். டைவை முடித்து, தண்ணீரைவிட்டு வெளியே வந்து, ஆக்ஸிஜனும் மருத்துவமும் உடனே.

பெண்ட்ஸ் (ஏறும்போது அழுத்தம் குறைந்து உடம்புக்குள் நைட்ரஜன் குமிழ்கள் உருவாகும் நோய்) வந்தவர் பெரும்பாலும் முதலில் செய்வது மறுப்பது. “சிலிண்டர் தூக்கினேன், அதான் தோள் வலி.” “ராத்திரி சரியாத் தூங்கலை.” “கம்ப்யூட்டர் எல்லைக்குள்ளதான் இருந்தேன்.” கம்ப்யூட்டர் காட்டுவது ஒரு கணிதக் கணக்கு, அதன் எல்லைக்குள் இருந்தவர்களுக்கும் பெண்ட்ஸ் வந்திருக்கிறது. அது வருவது தகுதியின்மைக்கான சான்றிதழ் கிடையாது. மூட்டு வலி, மரத்துப்போதல், ஊசி குத்துவதுபோல் உணர்வு, தோலில் திட்டுத் திட்டான நிறம், அசாதாரணக் களைப்பு, தலைசுற்றல், சிறுநீர் கழிக்க முடியாமை, நடை தடுமாற்றம் — டைவுக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் இவற்றில் எது வந்தாலும் பெண்ட்ஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

படுக்கவையுங்கள். 100 சதவீத ஆக்ஸிஜன் கொடுங்கள், இறுக்கமான மாஸ்க்கில், நிமிடத்துக்கு 15 லிட்டர். நினைவோடு இருந்து வாந்தி இல்லையென்றால் தண்ணீர் குடிக்கலாம். அழுத்த அறை வசதியுள்ள மருத்துவ உதவியை அழையுங்கள். மறுபடி தண்ணீரில் இறக்கி ‘சரிசெய்ய’ முயலாதீர்கள். ஆக்ஸிஜனில் வலி போய்விட்டாலும் மருத்துவரிடம் கொண்டுபோயே ஆக வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு “சரியாயிடுச்சு” என்கிறார்கள். விமானப் பயணத்துக்கு, அறிகுறி எதுவும் இல்லாதபோதே, ஒரே ஒரு சாதாரண டைவுக்குப் பின் 12 மணி நேரமும், பல நாள் அல்லது ஒரே நாளில் பல டைவ்களுக்குப் பின் 18 மணி நேரமும் குறைந்தபட்ச இடைவெளி.

டைவுக்குப் பிந்தைய ஐந்து நிமிடம்

உபகரணத்தைக் கழுவுவதற்கு முன் குழுவாக உட்காருங்கள். தலைவர் தன் தவறிலிருந்து தொடங்கட்டும்: “கயிற்றுக்கிட்ட உங்களை ஒரு நிமிஷம் பார்வையிலிருந்து விட்டுட்டேன்.” பிறகு ஒவ்வொருவரும் எதிர்பாராத ஒன்றைச் சொல்லட்டும். யார் செய்தது என்பதை விட்டுவிட்டு எப்படி நேர்ந்தது என்று பேசுங்கள். மீட்டர் பார்க்க மறந்தவரைத் திட்டினால் அடுத்த முறை அவர் மறந்ததைச் சொல்ல மாட்டார், மறப்பது மட்டும் நிற்காது. கேமராவில் மூழ்கியிருந்தாரா, துணை கேட்கவில்லையா, மீட்டர் பி.சி.டி.க்குள் மாட்டிக்கொண்டதா என்று தேடுங்கள். மீட்டர் குழாயை இடுப்பில் கிளிப் செய்தாலே தீர்ந்துவிடும் விஷயமாகவும் இருக்கும்.

லாக் புத்தகத்தில் நான்கு வரி போதும்: திட்டமிட்ட ஆழமும் போன ஆழமும், கிளம்பியபோதும் மேலே வந்தபோதும் இருவருடைய பார், இன்று மீறியது, அடுத்த டைவுக்கு முன் பயிற்சி செய்ய வேண்டியது ஒன்று. எழுதியதைத் துணையிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள், அவர் படித்த பிறகு.